கண் படத்தைக் கணினி எண்ணிச் சொன்னால் நம்பலாமா?

சிப்புட்காரன்:
அம்மா பால்மரம் சீவி ஓய்ந்தவர், இனிப்பு நீர் (நீரிழிவு) வந்து 15 வருடம். போன வாரம் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கக் கிளினிக்) கண்ணைப் படம் எடுத்தார்கள். இப்போதெல்லாம் கணினியே புள்ளியை எண்ணி நோயைச் சொல்லிவிடுமாமே, எதைத்தான் எண்ணுகிறது?

லயத்துப் பையன்:
விழித்திரையின் நுண்குழாய் பலவீனமான இடத்தில் குட்டியாகப் புடைக்கும், அதிகம் போனால் 125 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). ரத்தம் பச்சை ஒளியை விழுங்குவதால், படத்தில் பச்சையை மட்டும் பிரித்தெடுத்தால் புடைப்பு கறுப்புப் புள்ளியாகத் துலங்கும். அப்புறம் பின்னணியைச் சமன்செய்து, ரத்தக் குழாய்களைக் கழித்துவிட்டு, மிச்சப் புள்ளிகளின் பரப்பையும் வட்ட வடிவத்தையும் அளந்து எண்ணும். மஞ்சளாகத் திட்டுத் திட்டாக இருப்பது கொழுப்புக் கசிவு. அது விழித்திரையின் பார்வை மையத்திலிருந்து 500 மைக்ரானுக்குள், பக்கத்தில் வீக்கத்தோடு இருந்தால்தான் வில்லங்கம்.

கம்பத்து அக்கா:
தம்பி, 2018இல் அமெரிக்கா அனுமதித்த, கண் படத்தைப் பார்த்துச் சொல்லும் ஐடிஎக்ஸ்-டிஆர் மென்பொருள், சோதனையில் நோய் முற்றத் தொடங்கிய 100 பேரில் சுமார் 87 பேரைக் கண்டுபிடித்தது. மீதி 13 பேர்? அதனால் முடிவு நல்லபடி வந்தாலும் வருடா வருடம் காட்டு. எங்கள் அப்பாவுக்குக் கண்புரை, படம் பால் ஊற்றியது போல மங்கல், எந்தக் கணினி வந்தும் புள்ளியைப் பார்க்க முடியாது. கண்மணியை விரிக்கும் மருந்து விட்டு மறுபடி எடுத்தார்கள். அந்தச் சொட்டு மருந்து விட்டால் வெயில் கூசும், அம்மாவை மோட்டார் சைக்கிளில் ஏற்றாதே.

சிப்புட்காரன்:
சரிக்கா, மாமாவிடம் காடி (கார்) கேட்கிறேன்.