அப்டேட்: காரைக்குடி கான்ஃபரன்ஸ்ல பேப்பர் வாசிச்சாச்சு

போன வாரம் கேட்டிருந்தேன்ல, காரைக்குடி பக்கம் ஒரு காலேஜ் இங்கிலீஷ் டிபார்ட்மெண்ட் வருஷா வருஷம் நடத்துற இலக்கிய கான்ஃபரன்ஸ்ல குறுந்தொகை மொழிபெயர்ப்பு பத்தி வாசிக்கப் போறேன், அங்க சங்கப்பாட்டு எடுபடுமான்னு. எடுபட்டுச்சுங்க!

15 நிமிஷம்னு சொல்லிட்டு மதிய செஷன்ல 8 நிமிஷமா குறைச்சுட்டாங்க, காலையில துவக்க விழா இழுத்ததுதான் காரணம், ஆறு மாசம் உழைச்சதுக்கு இது ரொம்ப வருத்தமா இருந்துச்சு, அதனால மத்த பாட்டையெல்லாம் விட்டுட்டு 40ஆம் பாட்டு 'செம்புலப் பெயல்நீர்' மட்டும் எடுத்துக்கிட்டேன், செம்மண் நிலத்துல விழுந்த மழைத்தண்ணி மாதிரி காதலர் மனசு ரெண்டும் கலந்துருச்சுன்னு சொல்ற பாட்டு. மொழிபெயர்ப்பாளர் ஏ.கே. ராமானுஜன் 1967ல அந்த 'செம்புலம்'ங்கிற சொல்லை 'ரெட் எர்த்'னு இங்கிலீஷ்ல கொண்டு வந்தாரு, அழகுதான், மறுக்கவே மாட்டேன்.

ஆனா கடைசி பெஞ்ச்ல இருந்து ஒரு பி.ஏ. பொண்ணு எந்திரிச்சு, "அக்கா, புலம்னா நிலம், வயக்காடு தானே? எர்த்னு சொன்னா கையில அள்ளுற மண்ணு மட்டும் தானே வருது, மழை விழுற அந்த இடம் எங்க போச்சு?"ன்னு கேட்டுச்சு. ஹால் அப்படியே அமைதியாயிடுச்சு. எனக்கு கண்ணு கலங்கிருச்சு, ஏன்னா முந்தின ராத்திரி மழை, பஸ் ஸ்டாப்ல இருந்து நடந்து வந்ததுல என் சேலைக் கரையெல்லாம் செட்டிநாட்டு செம்மண்ணு, தண்ணி எது மண்ணு எதுன்னே பிரிக்க முடியாம ஊறிப் போய் இருந்துச்சு.

அந்தக் கேள்வியை வச்சு பேப்பரைத் திருத்தி எழுதிட்டு இருக்கேன். தைரியம் சொன்ன எல்லாருக்கும் நன்றி.