மௌனா லோவா இருக்கும்போது ஓசிஓ-2 எதுக்கு? கார்பன் கணக்கு பத்தி ஒரு சந்தேகம்

கரிசல்காடு:
வணக்கம் மக்களே. காத்துல கார்பன் டை ஆக்சைடு எவ்ளோ ஏறுதுன்னு ஹவாய்ல மௌனா லோவா மலையில 1958-ல இருந்து அளந்துட்டு இருக்காங்க, உலக மொத்தத்துக்கு அதுவே போதும்னா நாசா எதுக்கு இந்த வாயுவை அளக்குற ஓசிஓ-2 செயற்கைக்கோளை அனுப்பினாங்க? பத்து லட்சத்துல 420 பங்கு சொச்சம்தான் அந்த வாயு, அதை 705 கிமீ மேல இருந்து எப்படி பாக்குறாங்க? 2015-16 எல் நினோல (பசிபிக் கடல் சூடாகி உலக மழையே மாறுமே, அது) வெப்பமண்டல காடுகள் இவ்ளோ டன் வெளிய விட்டுச்சுன்னு படிச்சேன், அது நேரா அளந்த நம்பரா, கம்ப்யூட்டர் மாடல்ல வந்ததா?

ஸ்பெக்ட்ரம்77:
அது பாக்குறது வாயுவை இல்லங்க, வெயிலை. தரையில பட்டு திரும்பி வர்ற ஒளியில 1.61, 2.06 மைக்ரான் அலைநீளம் பக்கம் கார்பன் டை ஆக்சைடு கொஞ்சத்தை தின்னுடும், எவ்ளோ குறையுதுன்னு பாத்தா நடுவுல எவ்ளோ வாயு இருந்துச்சுன்னு தெரியும். கூடவே 0.76 மைக்ரான்ல ஆக்சிஜனையும் அளக்குறாங்க, ஏன்னா காத்துல ஆக்சிஜன் பங்கு எங்க போனாலும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதை வச்சு வகுத்தாதான் பிபிஎம் கணக்கு, அதாவது பத்து லட்சத்துல எத்தனை பங்குங்கிறது வரும். இதுல 1 பிபிஎம் வித்தியாசத்தை பிடிக்கணும், அதாவது கால் சதவீதம்! ஒரு தடவை பாக்குற இடம் ஏறக்குறைய 3 சதுர கிமீ, மேகம் தூசு வந்தா அந்த அளவீடு அவ்ளோதான், எடுத்ததுல பெரும்பகுதி அப்படித்தான் போகுது. முதல் ஓசிஓ 2009 பிப்ரவரியில ராக்கெட்டோட மூக்கு மூடி கழறாம கடல்ல விழுந்துச்சு, திரும்ப கட்டி 2014 ஜூலையில அனுப்பினாங்க.

வாடைக்காத்து:
மொத்தம் தெரிய மௌனா லோவா போதும், சரிதான். ஆனா நாம விடுற கார்பன்ல பாதிதான் காத்துல தங்குது, மீதியை கடலும் காடும் எடுத்துக்குது, இதுல நிலம் எடுக்குற பங்கு வருஷத்துக்கு வருஷம் எக்கச்சக்கமா ஆடும். எந்த காடு எடுத்துச்சு எது கைவிட்டுச்சுன்னு ஒரு மலை உச்சியில இருந்து சொல்ல முடியாதுல்ல? அமேசான், காங்கோ பக்கம் தரை நிலையங்களும் ரொம்ப கம்மி.

அடுத்து உங்க முக்கியமான கேள்வி. டன் கணக்கு மாடல்ல வந்ததுதான். எந்த வீட்டுல சாம்பிராணி போட்டாங்கன்னு காத்து அடிக்கிற திசையை வச்சு தெருமுனையில நின்னு கண்டுபிடிக்கிற மாதிரி, பிபிஎம் வரைபடத்தை காத்து மாடல்ல போட்டு பின்னாடி போறாங்க. 2017-ல வந்த ஆய்வு இப்படி பாத்துதான் 2011-ஐ விட 2015-ல வெப்பமண்டல நிலம் சுமார் 250 கோடி டன் கார்பன் அதிகமா விட்டுச்சுன்னு சொன்னாங்க. எனக்கு அந்த நம்பரை விட பெருசா பட்டது காரணம்தான், ஏன்னா மூணு கண்டத்துலயும் மூணு கதை. தென் அமெரிக்காவுல வறட்சி, மரம் ஒளிச்சேர்க்கையை குறைச்சிடுச்சு. ஆப்பிரிக்காவுல அது பெருசா குறையல, ஆனா சூட்டுல மக்குறது கூடிடுச்சு. ஆசியாவுல இந்தோனேசியா பக்கம் தீ. இதை பிரிச்சது எப்படின்னா, ஒளிச்சேர்க்கை நடக்கும்போது இலையில இருந்து மங்கலா ஒரு ஒளி கசியும், கண்ணுக்கு தெரியாது, ஓசிஓ-2 அதையும் பிடிக்கும், தீக்கு வேற செயற்கைக்கோள் தர்ற கார்பன் மோனாக்சைடு அளவு.

கரிசல்காடு:
ரொம்ப நன்றிங்க. அப்போ காத்து மாடலை மாத்தினா பதிலும் மாறுமே?

வாடைக்காத்து:
மாறும். அதனாலதான் ஒரே டேட்டாவை பல குழுக்கள் தனித்தனி மாடல்ல ஓட்டி ஒப்பிடுறாங்க. கண்டம் அளவுல ஓரளவு ஒத்துப்போகும், ஒரு நாடு ஒரு மாநிலம்னு இறங்குனா ஆளுக்கொரு நம்பர் வரும், அதை வச்சு யாராவது அடிச்சு பேசினா நம்பாதீங்க.

ஈரநிலம்:
நம்ம ஊரு பக்கம் இன்னொரு சிக்கல், ஜூன்ல இருந்து செப்டம்பர் வரை நாட்டுல பச்சை ஏறுற நேரத்துலதான் மேகம் மூடிக்குது, வட துருவம் பக்கம் குளிர்காலத்துல வெயிலே கிடையாது. ரேடாருக்கு இந்த தொல்லை இல்ல, அது வாயுவை விட்டுட்டு மரத்தையே அளக்கும். அப்படி ரேடார் வச்ச செயற்கைக்கோள் ரெண்டு, 2025 ஏப்ரல்ல ஐரோப்பாவோட பயோமாஸ் போச்சு, ஜூலையில ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செஞ்ச நிசார் போச்சு. பயோமாஸோட 70 செமீ ரேடார் அலை அடர்ந்த காட்டுல இலையை தாண்டி கிளை, தண்டு வரை போகும். மரத்துல எவ்ளோ கார்பன் கூடுச்சு குறைஞ்சுதுங்கிற கணக்கு காத்து மாடல் இல்லாமலே வரும், ரெண்டையும் பக்கத்துல வச்சு பாத்தா யார் கணக்கு இடிக்குதுன்னு தெரிஞ்சிடும். அமேசானுக்கு அந்த ஒப்பீடு வர்றதுக்குத்தான் நான் காத்துட்டு இருக்கேன்.