பீகாக் சிக்லிட்டின் நீலம் படத்தில் ஏன் சாம்பலாகிறது?

தொட்டியில் மின்னும் நீலம் படத்தில் சாம்பலாக விழுந்தால் கேமராவை மாற்ற அவசரப்படாதீங்க. பீகாக் என்ற இந்த மலாவி ஏரி வளர்ப்பு மீனின் மஞ்சளும் சிவப்பும் நிறமிகள். ஒளி எந்தப் பக்கம் இருந்து வந்தாலும் தெரியும். நீலம் வேறு வகை. தோல் செல்களில் அடுக்கடுக்காக இருக்கும் குவானின் படிகங்கள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வருவது. மீனின் விலாவில் பட்ட ஒளி லென்ஸ் பக்கம் திரும்பினால்தான் அது படத்தில் ஏறும். மூடியின் பின்பக்கம் மாட்டிய எல்.இ.டி. முதுகை மட்டும்தான் வெளுக்கும். விளக்கை முன் விளிம்புக்கு நகர்த்துங்க, பாதிச் சிக்கல் அங்கேயே தீரும்.

பிளாஷ் இருந்தால் கேமரா தலையில் வைக்க வேண்டாம். முன் கண்ணாடியில் பட்டுத் திரும்பி வெள்ளைத் திட்டாக நிற்கும். கழற்றி, மூடிக் கண்ணாடியின் முன்பகுதியில் கீழ்நோக்கி வையுங்க. ஷட்டர் 1/160 நொடி, லென்ஸ் துளை எஃப்/8, ஒளி உணர்திறன் ஐ.எஸ்.ஓ. 200 என்று தொடங்கி, வெளிச்சத்தை பிளாஷ் பவரில் கூட்டிக் குறைக்கலாம். அறை விளக்குகளை அணைச்சிடுங்க. லென்ஸ் கண்ணாடிக்கு நேராக இருக்கணும். கொஞ்சம் சாய்த்தாலும் செதில்கள் இழுபட்டு மங்கிவிடும். படம் எடுக்கும் சில நிமிடங்களுக்கு ஏர் பம்ப்பை நிறுத்தினால் நுண்குமிழிப் புள்ளிகள் விழாது. முடிஞ்சதும் மறக்காமப் போடுங்க.

—

போனில் எடுப்பவர்களுக்கு ஒரு சேர்க்கை. படத்தில் கோடு கோடாகப் பட்டைகள் வந்தால் விளக்கு துடிக்கிறது என்று பொருள். நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் மலிவு எல்.இ.டி. நொடிக்கு 100 முறை கூடிக் குறையும். ஷட்டரை 1/100இல் நிறுத்தினால் பட்டை மறையும், ஆனால் நீந்தும் மீன் கலங்கும். அதனால் மீன் திரும்பி நிற்கும் அரை நொடிக்காகக் காத்திருக்கணும். டிம்மர் உள்ள விளக்கை முழு வெளிச்சத்தில் வைத்தாலே பல சமயம் துடிப்பு போய்விடும். எலக்ட்ரிக் யெல்லோ என்ற மஞ்சள் சிக்லிட்டை எடுக்கும்போது எக்ஸ்போஷரை ஒரு படி குறைங்க. இல்லையென்றால் செதிலே தெரியாத மஞ்சள் திட்டுதான் மிஞ்சும்.

—

லைட்டிங் சரி, ஆனால் மீனிடமே நிறம் இல்லை என்றால்? மற்ற ஆண்களுக்கு அடங்கிப்போன ஆண், பெண்ணைப் போலச் சாம்பலாகவே இருக்கும். 4×1.5×1.5 அடித் தொட்டியில் ஆண்களை மட்டும் எட்டுப் பத்து விடுவதானால், ஒரே நிறச் சாயலில் இரண்டு வேண்டாம். ம்புனா வகைச் சிக்லிட்களையும் கலக்காதீங்க. அவை மலாவி ஏரியில் பாறைப் பாசியைக் கொறிப்பவை, முரட்டுத்தனம் அதிகம். பீகாக் மணலில் இரை தேடும் சாதுவான மீன்; துரத்தப்பட்டே வெளிறும். வெள்ளை மணலும் நிறத்தை இறக்கும், ஆற்று மணல் நல்லது.

5 செ.மீ. குஞ்சு முழு நிறத்தோடு விற்பனைக்கு இருந்தால் யோசிங்க. ஹார்மோன் தீவனத்தில் ஏற்றிய நிறம் சில மாதங்களில் இறங்கிவிடும், பெண்ணும் ஆண் போல மினுங்கும்.

தண்ணீரின் பி.எச். (அமில-கார அளவு) 7.8–8.5, வெப்பம் 25–27 டிகிரி. இந்த பி.எச்.சில் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைக் கவனிக்கணும்: 7இலிருந்து 8க்கு ஏறும்போது அதன் நச்சு வடிவம் ஏறக்குறைய பத்து மடங்காகும். புதுத் தொட்டியில் பில்டர் சைக்கிள் (அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா பில்டரில் வளர்வது) முடியாமல் மீன் விட்டால் துடுப்பை மடக்கி, நிறம் கறுத்து மூலையில் நிற்பது இதனால்தான். அப்போது கேமராவை வைத்துவிட்டுத் தீவனத்தை நிறுத்துங்க, குளோரின் நீக்கிய தண்ணீரால் 30 சதவீதம் மாற்றுங்க, மறுநாள் டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவைப் பாருங்க.