மென்பொருளை நிறுவியபோது கேட்காதவையும் சேர்ந்து வந்துவிட்டன: நீக்கவும் இனித் தடுக்கவும் வழி வேண்டும்

கேள்வி (திருமங்கலம், தட்டச்சு மற்றும் ஜெராக்ஸ் கடை)

வணக்கம். திருமங்கலத்தில் அக்காவும் நானும் தட்டச்சு, ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பக் கடை நடத்தி வருகிறோம். தேர்வுக்கு விண்ணப்பிக்க வருபவர்களின் சான்றிதழ்களை ஒரே பிடிஎஃப் கோப்பாக இணைக்க வேண்டியிருந்ததால், அதற்கான இலவச மென்பொருள் ஒன்று விண்டோஸ் 11 உள்ள கடைக் கணினியில் நிறுவப்பட்டது. அதை இறக்கிய தளத்தில் பச்சை நிறத்தில் பல ‘டவுன்லோட்’ பொத்தான்கள் இருந்தன. இறங்கிய கோப்போ மிகச் சிறியதாக இருந்தது.

பிடிஎஃப் மென்பொருள் வேலை செய்கிறது. ஆனால் குரோமைத் திறந்தால் கூகுளுக்குப் பதிலாகப் பெயர் தெரியாத ஒரு தேடல் பக்கம் வருகிறது. டிரைவர்களை (பிரிண்டர் போன்ற கருவிகளைக் கணினியோடு இணைத்து இயக்கும் நிரல்களை) புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் ஒரு செயலி, கணினியில் நூற்றுக்கணக்கான பிழைகள் இருப்பதாகச் சிவப்பு எழுத்தில் காட்டி, சரிசெய்யப் பணம் கேட்கிறது. சோதனைக் காலத்துக்கு மட்டும் இயங்கும் ஆன்டிவைரஸ் ஒன்றும் வந்திருக்கிறது. டிரைவர் செயலியை நீக்கிவிட்டோம், ஆனால் அந்தத் தேடல் பக்கம் மட்டும் போகவில்லை. பிறருடைய ஆதார் நகல்களும் சான்றிதழ்களும் இருக்கும் கணினி என்பதால் மனம் நிலைகொள்ளவில்லை. இவற்றை முழுவதுமாக நீக்குவது எப்படி, இனி வராமல் தடுப்பது எப்படி என்று தெரிந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி (மதுரை சிம்மக்கல், கணினி பழுதுநீக்குபவர்)

தம்பி, முதலில் அந்தக் கணினியில் எந்த அரசுத் தளத்திலும் வங்கித் தளத்திலும் உள்நுழைய வேண்டாம். உலாவியின் தேடலை மாற்றும் நீட்சிகள் (உலாவியோடு ஒட்டிக்கொள்ளும் சிறு செயலிகள், ‘எக்ஸ்டென்ஷன்’) பலவும் நீங்கள் திறக்கும் பக்கங்கள் அனைத்தையும் படிக்கும் அனுமதியைப் பெற்றுக்கொண்டே உட்காருகின்றன. இதுவரை பயன்படுத்திய கடவுச்சொற்களை வேறொரு சுத்தமான கணினியிலிருந்தோ கைபேசியிலிருந்தோ மாற்றிவிடுங்கள்.

நீக்கும்போது வரிசை முக்கியம். கூடவே வந்த ஆன்டிவைரஸைத்தான் முதலில் நீக்க வேண்டும்; ஏனெனில் வெளி ஆன்டிவைரஸ் ஒன்று பதிவானவுடன் விண்டோஸின் சொந்தப் பாதுகாப்பான டிஃபெண்டர் தானாகவே ஒதுங்கிக்கொள்ளும். செட்டிங்ஸில் ‘இன்ஸ்டால்டு ஆப்ஸ்’ பட்டியலை நிறுவிய தேதி வாரியாக அடுக்கினால், பிடிஎஃப் மென்பொருள் வந்த அதே நாளில் வந்தவை ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரியும். அவற்றை நீக்கி, கணினியை மறுபடி தொடங்கி, டிஃபெண்டர் விழித்துக்கொண்டதா என்று பார்த்துவிட்டு, மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் ‘ஆட்வ்கிளீனர்’ கருவியை அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்கி ஒருமுறை ஓட்டுங்கள். அது இலவசம், இத்தகைய விளம்பர மென்பொருள்களைத் தேடுவதற்கென்றே உள்ளது. கடைசியாகக் குரோமின் அமைப்புகளை ‘ரீசெட்’ செய்யுங்கள். புத்தகக்குறிகளும் சேமித்த கடவுச்சொற்களும் அழியாது. நீட்சிகள் அணைக்கப்பட்டு, தேடுபொறி பழைய நிலைக்குத் திரும்பும்.

இறங்கிய கோப்பு சிறியதாக இருந்தது என்று நீங்கள் கவனித்தது சரியான தடயம். அது பிடிஎஃப் மென்பொருளே அல்ல. உண்மையான மென்பொருளையும் காசு கொடுத்தவர்களின் மென்பொருள்களையும் இணையத்திலிருந்து இழுத்து வரும் இடைத்தரகுக் கோப்பு. ஒவ்வொரு நிறுவலுக்கும் அந்தத் தளத்துக்குக் கமிஷன் கிடைக்கிறது. பெயர் பெற்ற இடங்களிலும் இது நடந்திருக்கிறது. ஆரக்கிள் நிறுவனத்தின் ஜாவா மென்பொருளை நிறுவும் கோப்புடன் (நிறுவியுடன்), உலாவியில் ஒட்டிக்கொள்ளும் ‘ஆஸ்க்’ தேடல் பட்டை பல ஆண்டுகள் முன்கூட்டியே டிக் செய்யப்பட்ட பெட்டியோடு வந்தது. இலவச மென்பொருள்களை இறக்கித் தரும் சோர்ஸ்ஃபோர்ஜ் தளம் 2013இல் இத்தகைய நிறுவிகளைத் தொடங்கியதும், கிம்ப் படத்தொகுப்பு மென்பொருளின் குழுவினர் அந்த ஆண்டே அங்கிருந்து வெளியேறினர். 2016இல் தளம் கைமாறிய பிறகுதான் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது.

கேட்டவர்

மிக்க நன்றி, அண்ணன். சொன்ன வரிசைப்படி செய்துவிட்டோம். கடவுச்சொற்களைக் கைபேசியில் மாற்றிவிட்டோம். இரண்டு ஐயங்கள் உள்ளன. ரீசெட் செய்த பிறகும் டாஸ்க்பாரில் உள்ள குரோம் படத்தை அழுத்தினால் அதே தேடல் பக்கம் வருகிறது. மேலும், நிறுவும்போது எந்த இடத்தில் இவை உள்ளே நுழைகின்றன என்பதைத் திரையைப் பார்த்தே அறிவது எப்படி?

மறுமொழி (மதுரை சிம்மக்கல்)

டாஸ்க்பாரில் உள்ள படம் ஒரு குறுக்குவழிதான். அதன் ‘பிராப்பர்ட்டீஸ்’ பகுதியில் ‘டார்கெட்’ வரியைப் பாருங்கள். அது குரோம் டாட் எக்ஸ்இ என்பதோடு முடிய வேண்டும். அதற்குப் பின்னால் ஏதேனும் இணைய முகவரி ஒட்டியிருந்தால் அதுதான் காரணம். அந்தப் படத்தை டாஸ்க்பாரிலிருந்து எடுத்துவிட்டுப் புதிதாகப் பொருத்துங்கள். டெஸ்க்டாப்பில் உள்ளதையும் தனியாகச் சரிபார்க்க வேண்டும். குரோம் மெனுவின் அடியில், உலாவி ஒரு நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது என்ற வரி தெரிந்தால், வந்தவை ‘பாலிசி’ ஒன்றையும் (உலாவி அமைப்புகளை நீங்கள் மாற்ற முடியாதபடி பூட்டும் கட்டளை) எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கின்றன என்று பொருள். அப்போது கணினியைக் கடைக்கு எடுத்து வாருங்கள், பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. என்னிடம் வரும் கணினிகள் பலவற்றில் வைரஸ் எதுவும் உடைத்துக்கொண்டு உள்ளே வரவில்லை. உரியவர் சம்மதம் கொடுத்தே எல்லாம் வந்திருக்கின்றன, ஆனால் சம்மதம் கொடுத்தது அவருக்கே தெரியாது. நிறுவி முதலில் ‘எக்ஸ்பிரஸ்’, ‘கஸ்டம்’ என்று இரண்டு வழி காட்டும். எக்ஸ்பிரஸ் என்பதன் பக்கத்தில் ‘பரிந்துரைக்கப்படுகிறது’ என்று போட்டு, கஸ்டம் என்பதை வல்லுநர்களுக்கு மட்டுமானதுபோல் மங்கலாக வைத்திருப்பார்கள். கஸ்டமைத் தேர்ந்தெடுத்தால்தான் கூடவே வருபவற்றின் டிக்குகள் கண்ணில் படும்.

இன்னொரு வகை இதைவிட ஏமாற்றுவது. நடுவில் ஒரு பக்கம், உரிம ஒப்பந்தம் போன்ற நீண்ட ஆங்கில வாசகத்தோடு வந்து, ‘அக்செப்ட்’, ‘டிக்ளைன்’ என்று கேட்கும். டிக்ளைன் அழுத்தினால் மொத்த நிறுவலும் நின்றுவிடும் என்று அஞ்சியே அக்செப்டை அழுத்திவிடுகிறார்கள். அந்தப் பக்கத்தின் தலைப்பில் எந்த மென்பொருளின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் நிறுவ வந்ததன் பெயர் இல்லையென்றால் அது இடைச்செருகல். டிக்ளைன் அல்லது ஸ்கிப் கொடுத்தாலும் உங்கள் மென்பொருள் தடையின்றி நிறுவப்படும். அப்படி மறுத்தால் முன்னே போகவே விடாத நிறுவியாக இருந்தால், அதை மூடிவிட்டு அந்தக் கோப்பையும் அழித்துவிடுங்கள்.

மறுமொழி (மேலூர், பள்ளிக் கணினி ஆசிரியை)

சிம்மக்கல் அண்ணன் சொன்னவற்றோடு முழுவதும் உடன்படுகிறேன். ஆனால் கடையில் பலர் கைவைக்கும் கணினியில், ஒவ்வொருவரும் ஒவ்வொரு திரையையும் கவனித்துப் படிப்பார்கள் என்று நம்பி இருக்க முடியாது. ஆகவே படிக்கத் தேவையே இல்லாதபடி செய்துவிடுவது நல்லது என்பது என் கருத்து.

விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘ஆப் அண்ட் பிரவுசர் கண்ட்ரோல்’ என்பதன் கீழ், தேவையற்ற செயலிகளைத் தடுக்கும் ஒரு அமைப்பு உள்ளது. அது 2020ஆம் ஆண்டுப் புதுப்பிப்பில் விண்டோஸ் 10இல் வந்தது. 2021 ஆகஸ்ட் முதல் இயல்பாகவே இயக்கத்தில் இருக்கும்படி மாற்றப்பட்டது. அதில் செயலிகளைத் தடு, பதிவிறக்கத்தைத் தடு என்று இரண்டு பெட்டிகள் உண்டு. இரண்டாவது எட்ஜ் உலாவிக்கு மட்டுமே பொருந்தும். நீங்கள் குரோம் பயன்படுத்துவதால் முதல் பெட்டி கட்டாயம் டிக் ஆகியிருக்க வேண்டும்.

அன்றாட வேலைக்கு நிர்வாகி அல்லாத ‘ஸ்டாண்டர்ட்’ கணக்கை வைத்துக்கொண்டு, நிர்வாகிக் கடவுச்சொல்லை நீங்களும் அக்காவும் மட்டும் அறிந்திருங்கள். இது முழுக் காப்பு அன்று, ஏனெனில் சில செயலிகள் அனுமதி கேட்காமலே பயனரின் சொந்தக் கோப்புறையில் உட்கார்ந்துவிடும். இருந்தாலும் பெரும்பாலானவை வாசலிலேயே நிற்கும்.

மென்பொருளைத் தேடி இறக்குவதற்குப் பதிலாக, விண்டோஸ் 11இல் உடனிருக்கும் ‘விங்கெட்’ கட்டளையைப் பழகிக்கொள்ளுங்கள். டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில்) விங்கெட் சர்ச் என்று தட்டச்சு செய்து பெயரைக் கொடுத்தால் பட்டியல் வரும். விங்கெட் ஷோ என்று கேட்டால் வெளியிட்டவர் யார், கோப்பு எந்த முகவரியிலிருந்து வருகிறது என்பதையும் காட்டும். நிறுவும்போது திரைகளைக் காட்டாத அமைதி முறையிலேயே வேலை நடப்பதால், அக்செப்ட் பக்கங்கள் பெரும்பாலும் தலைகாட்டுவதில்லை. கட்டளை எழுதத் தயக்கமாக இருந்தால், பல மென்பொருள்களை ஒன்றாக நிறுவித் தரும் நைனைட் தளம் இருக்கிறது. விஎல்சி, 7-ஜிப், லிப்ரே ஆஃபிஸ் போன்றவற்றை டிக் செய்தால், அந்தந்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே எடுத்து, டூல்பார்களுக்கு மறுப்புச் சொல்லியே நிறுவித் தரும்.

கேட்டவர்

டீச்சர், அண்ணன், இருவருக்கும் நன்றி. டார்கெட் வரியில் முகவரி ஒட்டியிருந்தது உண்மைதான். புதிய குறுக்குவழி வைத்ததும் தேடல் பக்கம் போய்விட்டது. ஸ்டாண்டர்ட் கணக்கையும் அமைத்துவிட்டோம். தமிழ்த் தட்டச்சுக்கும் இதேபோல் ஒரு மென்பொருள் தேட வேண்டியிருக்கிறது. அதற்கும் விங்கெட்டிலேயே தேடலாமா?

மறுமொழி (மேலூர்)

யூனிகோடு தட்டச்சுக்கு எதையும் இறக்கவே தேவையில்லை. செட்டிங்ஸில் மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்தால், தமிழ் விசைப்பலகைகள் விண்டோஸிலேயே கிடைக்கும். ஒலிபெயர்ப்பு முறையும் 2019 மே புதுப்பிப்பிலிருந்து இருக்கிறது. அழைப்பிதழ் அச்சுக்காக வாடிக்கையாளர் பாமினி போன்ற பழைய எழுத்துருவில்தான் வேண்டும் என்று கேட்டால் மட்டும் தனி மென்பொருள் தேவைப்படும். அப்போது அதை உருவாக்கியவர்களின் தளம் எது என்று முதலில் உறுதிசெய்துகொண்டு, அங்கிருந்து மட்டும் இறக்குங்கள்.