ஷேடோஸ் = நிழல் சரிதானா? (வெள்ளிக்குள் முடிவு தேவை)

திருச்சியிலிருந்து, பாடக்குறிப்பு எழுதுபவர்:
அனைவருக்கும் வணக்கம். பிளாஷ் படங்களைத் திருத்தும் பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மண்டபத்தில் பிளாஷை நேராக அடித்து எடுத்த படம். மணப்பெண்ணுக்குப் பின்னால் சுவரில் கறுப்பாக நிழல். மென்பொருளில் படத்தின் இருண்ட இடங்களை வெளிச்சமாக்கும் 'ஷேடோஸ்' நகர்த்திக்கு (இழுத்து மாற்றும் ஸ்லைடர்) 'நிழல்' என்று எழுதியிருந்தேன். மாணவர்கள் சுவர் நிழலைப் போக்க அதைக் கூட்டுகிறார்கள். கூந்தல் வெளுக்கிறது, மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டு சாம்பலாகிறது, சுவர் நிழலின் விளிம்போ அப்படியே தெரிகிறது. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும். படத்தில் வேண்டாத நிறம் ஏறி நிற்கும் 'கலர் காஸ்ட்'டுக்கும் ஒன்று சொல்லுங்கள்.

மதுரையிலிருந்து, தமிழாசிரியர்:
நிழலை அவ்வளவு எளிதில் கைவிடாதீர்கள் ஐயா. சிறுபாணாற்றுப்படையில் ஆய் என்ற வள்ளல் கொடுத்த ஆடையைச் சொல்லும்போது 'நிழல் திகழ்' என்று வருகிறது. அங்கே நிழலுக்கு ஒளி என்று பொருள். நீரில் தெரியும் உருவமும் நிழல்தான். நிழற்படம் என்ற சொல் பொருந்தி நின்றதும் அதனால்தான். இன்னொன்று, ஒளிக்கேற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்வதற்கு 'வண்ணச் சமன்' என்ற சொல் வேண்டாம், 'நிறச் சமன்' போதும். தொல்காப்பியச் செய்யுளியல் 20 வண்ணங்களைச் சொல்கிறது. அவை அத்தனையும் சந்தம்.

சென்னையிலிருந்து, மென்பொருள் மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, ஒளிக்கும் இருளுக்கும் ஒரே சொல் என்பது பாட்டுக்கு அழகு. திரையில் ஒரு நகர்த்தியின் மேல் அதை எழுதினால் மாணவர் எந்தப் பக்கம் இழுப்பார்? சுவரில் விழுவது 'விழுநிழல்', நகர்த்திக்கு 'இருட்பகுதி', அதன் எதிர்முனைக்கு 'ஒளிர்பகுதி' என்று வைக்கலாம். அப்புறம், பிளாஷுக்கு 'மின்வெட்டொளி' வேண்டவே வேண்டாம். மின்வெட்டு என்றதும் எல்லாருக்கும் கரண்ட் போனதுதான் நினைவுக்கு வரும்.

மதுரை:
அப்படியானால் 'பளிச்சொளி' என்று வையுங்கள். பிளாஷ் என்று எழுதத் தமிழ்க் குழு எதற்கு?

யாழ்ப்பாணத்திலிருந்து, ஒளிப்படக்காரர்:
சொல்லுக்கு முன் வேலையைப் பாருங்கள். ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் சொல்வோம். பிளாஷ் ஒளி ஏறத்தாழ 5500 கெல்வின், மண்டபத்துக் குண்டு பல்பு 2700 முதல் 3000 வரை. முகத்தில் விழுவது பிளாஷ். அது எட்டாத பின்வரிசையில் பல்பு ஒளி மட்டும்தான். முகத்துக்கு நிறச் சமன் சரி செய்துவிட்டு இருட்பகுதியைத் தூக்கினால், அதுவரை அடங்கியிருந்த மஞ்சள் முழுவதும் மேலே வரும். பிறகு படம் முழுவதையும் நீலத்துக்குத் தள்ளினால் முகம் வெளிறிப்போகும். பின்புறத்தை மட்டும் தெரிவு செய்து தனியாகத் திருத்த வேண்டும். இதைப் பாடத்தில் கட்டாயம் எழுதுங்கள். 'கலர் காஸ்ட்'டை நாங்கள் 'படம் மஞ்சள் அடிக்குது' என்றுதான் சொல்வோம். எல்லாருக்கும் விளங்கும்.

சென்னை:
எங்கள் ஸ்டூடியோக்களிலும் அதே பேச்சுதான். 'நிற அடிப்பு' என்று வைத்துவிடலாமே!

மதுரை:
அடிப்பு காதுக்கு முரடாக இருக்கிறது. 'நிறப்படர்வு' என்றால் மெல்லப் பரவியது என்ற பொருளும் கிடைக்கும்.

கோவையிலிருந்து, அச்சக வடிவமைப்பாளர்:
'நிற வெப்பநிலை'யைப் பற்றி யாரும் பேசவில்லையே? கெல்வின் ஏற ஏற ஒளி நீலமாகும். ஆனால் ரா கோப்பில் (கேமரா பதிந்த மூலக் கோப்பு) அந்த எண்ணைக் கூட்டினால் படம் மஞ்சளாகும், ஏனென்றால் அந்த நீலத்தை ஈடுகட்ட மென்பொருள் மஞ்சளைச் சேர்க்கிறது. வெறுமனே 'வெப்பம்' என்று எழுதினால் மாணவர் குழம்புவார். 'ஒளிமூல வெப்பநிலை' என்று எழுதுங்கள், நீளமானாலும் பரவாயில்லை.

திருச்சி:
நன்றி. விழுநிழல், இருட்பகுதி, நிறச் சமன், நிறப்படர்வு, ஒளிமூல வெப்பநிலை: பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறேன். பிளாஷ் பிளாஷாகவே இருக்கட்டும். 'மஞ்சள் அடிக்கிறது' விளக்கத்தில் வரும்.

மதுரை:
விழுநிழல் நல்ல சொல், ஏற்கிறேன். இருட்பகுதிக்கு என் மறுப்பு இருக்கிறது. இருள் என்றால் ஒளியே இல்லாதது. ஒளியே பதியாத இடத்தில் அந்த நகர்த்தி எதைத் தூக்கும்? அது தூக்குவது மங்கலாகப் பதிந்ததை. 'மங்கற்பகுதி' என்பதே சரி. அடுத்த பதிப்பிலாவது மாற்றுங்கள்.

யாழ்ப்பாணம்:
மங்கல் என்றால் போகஸ் போன படம் என்று நினைப்பார்கள், ஐயா.