ஆர்டிஐயில் ‘ஏன்’ என்று கேட்டு ஏமாந்த கதை

பட்டாக்காரன்:

அப்பா வாங்கிய 22 சென்ட் நிலத்துக்கு உட்பிரிவு செய்து பட்டா கேட்டு 2017-ல் மனு கொடுத்தேன். பதினான்கு மாதம் நடையாய் நடந்தேன். சர்வேயர் லீவு, தாசில்தார் மீட்டிங், அடுத்த வாரம் வாங்க. கடைசியில் தெரிந்த வக்கீல் ஒருவர், தகவல் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) போட்டுப் பார் என்றார்.

கோபத்தோடு உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். ஏன் இன்னும் பட்டா தரவில்லை? யார் பொறுப்பு? இது நியாயமா? பத்து ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை ஒட்டிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். 29-ம் நாள் ஒரே வரியில் பதில்: விளக்கம் கேட்கும் வினாக்கள் பிரிவு 2(எஃப்)-ன்படி ‘தகவல்’ ஆகாது.

எரிச்சல்தான் வந்தது. ஆனால் தகவல் அலுவலர் சொன்னது சரி. ஆவணத்தில் இருப்பதைத்தான் கொடுப்பார்கள், இல்லாத விளக்கத்தை நமக்காக எழுதித் தர மாட்டார்கள்.

அடுத்த மனு நாலே வரி. இன்ன தேதியில் நான் கொடுத்த மனுமீது எடுத்த நடவடிக்கை பதிவான பக்கங்களின் நகல். அந்தக் கோப்பு யார் யாரிடம் எத்தனை நாள் இருந்தது, அவர்கள் பெயர், பதவி. இத்தகைய மனுவை முடிப்பதற்கான காலக்கெடு பற்றிய உத்தரவின் நகல். கோப்பை நேரில் பார்வையிட அனுமதி.

25-ம் நாள் போன். “சார், பட்டா ரெடியாயிட்டு இருக்கு. அந்த மனுவை வாபஸ் வாங்கிக்கங்களேன்.” நான் வாங்கவில்லை. பார்த்தே தீர வேண்டும் என்று ஒரு வீம்பு.

பார்வையிட முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. ஒரு மேசையோரம் ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்கள். கோப்பு என்றால் மூட்டை மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். மொத்தமே ஒன்பது தாள். சுற்றியிருந்த ரப்பர் பேண்ட் இளகி அட்டையோடு ஒட்டிக் கிடந்தது. நான் மனு கொடுத்த 19-ம் நாளே சர்வேயர் அளந்து, உட்பிரிவு செய்யலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அடுத்த குறிப்புத் தாள் வெள்ளை. இத்தனை மாதமும் நான் வாய்க்கு வந்தபடி திட்டியது அந்த சர்வேயரைத்தான்.

பட்டா மறுமாதம் வந்தது.

யாழ்வாசி:

இலங்கையில் எங்களுக்குத் தகவல் உரிமைச் சட்டம் 2016-ல் நிறைவேறி, 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. விண்ணப்பக் கட்டணமே இல்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

எங்கள் ஒழுங்கைக்கு (சின்னத் தெருவுக்கு) போட்ட கொங்கிறீட் ஆறு மாதத்தில் உடைந்துவிட்டது. மதிப்பீட்டின் பிரதி கேட்டேன். தகவல் அலுவலர் நல்ல மனிதர், இழுத்தடிக்கவில்லை. ஆனால் தமிழில் கேட்டதற்குச் சிங்களத்தில் 11 பக்கம் வந்தது. மேன்முறையீடு செய்யலாம்தான். எனக்குப் பொறுமை இல்லை. சிங்களம் தெரிந்த அயல்வீட்டு ஆசிரியரிடம் கொண்டுபோனேன். தடிப்பு 100 மில்லிமீற்றர் என்று வாசித்தார். மகன் உடனே ஓடிப்போய் உடைந்த துண்டொன்றைத் தூக்கி வந்து அடிமட்டம் வைத்து அளந்தான். 60. அந்தப் படத்தையும் அந்தப் பக்கத்தையும் சேர்த்து அனுப்பிய பிறகு வேலைத்தலத்துக்கு ஆள் வந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம்:

ஆறு வருடம் பொதுத் தகவல் அலுவலராக இருந்து ஓய்வுபெற்றவன். திட்டாமல் படியுங்கள்.

1980 முதல் உள்ள எல்லாக் கோப்பும் வேண்டும் என்று வாரம் ஒரு மனு போட்டவரையும் பார்த்திருக்கிறேன். அந்த மாதிரி மனுவுக்கு யாரும் பயப்படுவதில்லை. பயம் வருவது பட்டாக்காரன் எழுதினாரே, ‘பெயர், பதவி, எத்தனை நாள்’, அந்த வரிக்குத்தான். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், உச்சம் 25,000, அலுவலரின் சொந்தப் பணம். தகவல் ஆணையம் அபராதம் போட்டு என் சர்வீஸில் ஒருமுறைதான் பார்த்தேன், அது வேறு கதை.

இன்னொன்று. கோப்பு காணவில்லை என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். தகவலை மறுக்க 8-ம் பிரிவில் உள்ள காரணங்களில் அது இல்லை. முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான், முக்கால்வாசிப் பேர் அதைத் தவறவிட்டுவிட்டு எங்களைத் திட்டுவார்கள். பதில் வராத மனுவுக்கும் மேல்முறையீடு உண்டு.

அப்புறம், குறிப்புத் தாள் வெள்ளையாக இருந்தால் கோப்பு மேசைமேல் இல்லை, மேசைக்கடியில் இருந்தது என்று அர்த்தம்.

பட்டாக்காரன்:

ஐயா, அன்றைக்கு அந்த மேசைக்கடியில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. அதன்மேல்தான் காலை வைத்துக்கொண்டு படித்தேன்.