கொல்லையைச் சுத்தம் செய்ய வேண்டும்: எந்த மரத்துக்கு யாரைக் கேட்பது?

கொல்லைமேடு எழுதியது:

வணக்கம். திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலை அடிவாரத்தில் எங்களுக்கு 1 ஏக்கர் 40 சென்ட் கொல்லை இருக்கிறது. அப்பா போன பிறகு ஏழெட்டு வருடமாக யாரும் ஏர் பூட்டவில்லை. வேலிக்காத்தான் மண்டி, உள்ளே கால் வைக்க முடியவில்லை. நான் பெங்களூரில் வேலை செய்கிறேன், மாதம் ஒருமுறைதான் ஊருக்குப் போக முடிகிறது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மாங்கன்று வைக்கலாம் என்று அம்மா ஆசைப்படுகிறார்.

உள்ளே இருப்பவை: அப்பா வரப்போரம் வைத்த தேக்கு 22, பனை 5, ஒரு புளி, கொஞ்சம் வேம்பும் புங்கனும், மீதி எல்லாம் முள். மர வியாபாரி ஒருவர் வந்து பார்த்து முன்பணமும் கொடுத்துவிட்டார். "பட்டா நிலம்மா, யாரையும் கேக்க வேண்டாம், ஜேசிபி விட்டா ரெண்டு நாள் வேலை" என்கிறார். கிராம உதவியாளரோ ஒரு கிளையை ஒடித்தாலும் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று பயமுறுத்துகிறார். பக்கத்துக் கொல்லைக்காரர் பஞ்சாயத்தில் பணம் கட்டினால் போதும் என்கிறார். யார் சொல்வது சரி?

பட்டா அப்பா, சித்தப்பா இருவர் பெயரிலும் கூட்டாக இருக்கிறது.

இன்னொன்று, முக்கியமா என்று தெரியவில்லை. பெரிய புங்கன் பக்கத்தில் தானாக முளைத்த மரங்கள் இரண்டு இருக்கின்றன. என் தலைக்கு மேல் இரண்டு ஆள் உயரம். எனக்குப் பெயர் தெரியவில்லை. வியாபாரி அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "இது வெறும் விறகு, மத்ததோட சேத்து நானே எடுத்துக்கறேன்" என்றார்.

வேலிக்காத்தான் எழுதியது:

என் பெயரைச் சொல்லிவிட்டீர்கள், வராமல் இருக்க முடியுமா? பட்டா நிலத்தில் வேலிக்காத்தானை, அதாவது சீமைக் கருவேலத்தை, எடுக்க யாரையும் கேட்க வேண்டாம். அதை ஒழிக்கச் சொல்லித்தான் உயர் நீதிமன்றமே உத்தரவு போட்டுக்கொண்டிருக்கிறது. ஆனால் நாட்டுக் கருவேலத்தையும் சேர்த்து வாரிவிடாதீர்கள். அதன் பூ மஞ்சள் உருண்டை, காய் மணி கோத்த மாலை மாதிரி இருக்கும். சீமையின் பூ விரல் மாதிரி நீளமாகத் தொங்கும்.

மேலோடு வெட்டினால் இரண்டே மாதத்தில் நான்கு பங்காகத் துளிர்க்கும். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்குங்கள். அப்புறம் ஒரு வருடத்துக்கு ஆட்டை உள்ளே விடாதீர்கள். காயைத் தின்று புழுக்கையில் விதைத்துவிட்டுப் போகும்.

பழைய கார்டு எழுதியது:

நான் வனத்துறையில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன். தங்கச்சி, மற்றதெல்லாம் இருக்கட்டும், முதலில் அந்த இரண்டு மரங்களைப் பற்றிச் சொல்லுங்கள். இலை எதிரெதிராக இரண்டிரண்டாக இருக்கிறதா? மேல்பக்கம் பளபளவென்று, அடிப்பக்கம் வெளிறி இருக்கிறதா? சின்னக் கருப்புப் பழம், கொண்டைக்குருவி வந்து தின்கிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் இந்த வாரம் ஜேசிபியைக் கொல்லைக்குள் விடாதீர்கள். வியாபாரி எதற்குச் சிரித்தார் என்று எனக்குப் புரிகிறது.

கொல்லைமேடு எழுதியது:

அம்மாவை வீடியோவில் காட்டச் சொன்னேன். மூன்றுக்கும் ஆமாம். பழம் இப்போதுகூடக் கீழே கொட்டிக் கிடக்கிறது. சந்தனமா? எங்கள் வீட்டில் யாரும் சந்தனம் வைத்ததே இல்லையே!

பழைய கார்டு எழுதியது:

யாரும் வைக்க வேண்டாம், பறவை வைக்கும். ஜவ்வாது மலை சந்தனத்துக்குப் பேர் போனது. பழம் தின்ற குருவி உங்கள் புங்கன் மேல் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பட்டா நிலத்தில் சந்தனம் வளர்வது குற்றம் இல்லை. இருக்கிறது என்று சொல்லவே இன்னும் பலர் பயப்படுகிறார்கள், அது பழைய காலத்துப் பயம். ஆனால் நிலம் உங்களுடையதாக இருந்தாலும் நீங்களே வெட்டக் கூடாது. பட்டா நிலச் சந்தன மரங்களுக்கென்றே 2008ல் தனி விதிகள் வந்தன. மாவட்ட வன அலுவலருக்கு எழுதிக் கொடுத்தால் அவர்கள் ஆட்கள் வந்து பார்ப்பார்கள். எடுப்பதும் அவர்கள், கிடங்குக்குக் கொண்டு போவதும் அவர்கள், ஏலம் விடுவதும் அவர்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே திருப்பத்தூர் கிடங்கு இருக்கிறது. செலவைக் கழித்துக்கொண்டு மீதியை உரிமையாளருக்குக் கொடுப்பார்கள். பணம் உடனே வராது, அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

வியாபாரி "சேர்த்து எடுத்துக்கொண்டால்" என்ன ஆகும்? உரிமம் இல்லாமல் 5 கிலோவுக்கு மேல் சந்தனக் கட்டை வைத்திருந்தாலே வழக்கு. வண்டி எங்கேயாவது பிடிபட்டால் முதலில் கேட்பது எந்தக் கொல்லையில் வெட்டியது என்றுதான். அவர் உங்கள் அம்மா பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

இன்னொரு விஷயம், இதை யாரும் சொல்ல மாட்டார்கள். சந்தனம் தன் வேரைப் பக்கத்து மரத்தின் வேரில் சொருகித்தான் தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சும். உங்கள் இரண்டு மரத்துக்கும் சோறு போடுவது அந்தப் புங்கன். புங்கனை எடுத்தால் சந்தனத்தைத் தொடாமலே சாகடித்த மாதிரி. அதைச் சுற்றி நாலு பக்கமும் பத்துப் பன்னிரண்டு அடி விட்டுவிட்டு மற்ற இடத்தைச் சுத்தம் செய்யுங்கள்.

மரவாடி எழுதியது:

நானும் மர வியாபாரிதான். எல்லோரும் அந்த ஆள் மாதிரி இல்லை என்று சொல்லிக்கொள்கிறேன். தேக்கு விஷயத்துக்கு வருவோம்.

பலரும் குழம்புவது இங்கேதான். மரத்தை வெட்டுவது ஒன்று, வெட்டிய மரத்தை ரோட்டில் கொண்டு போவது வேறொன்று. சமவெளிப் பட்டா நிலத்தில் நீங்கள் வைத்த தேக்கை வெட்டுவதில் பெரிய சிக்கல் வராது. ஆனால் அது லாரியில் ஏறிய நிமிடம் 1968ஆம் வருடத்து மரப் போக்குவரத்து விதிகள் வந்துவிடும். வனச்சரக அலுவலகத்தில் பாஸ் வாங்க வேண்டும். சிட்டா, அடங்கல், புல வரைபட நகல், விஏஓ சான்று, பங்காளிகளின் சம்மதக் கடிதம் எல்லாம் கேட்பார்கள். மரம் நிற்கும்போதே மனு கொடுத்துவிடுங்கள். வெட்டிப் போட்ட பிறகு கொடுத்தால், இது உங்கள் கொல்லை மரம்தானா, மேலே காட்டிலிருந்து இறங்கியதா என்ற கேள்வி வரும். மலையடிவாரம் என்பதால் கண்டிப்பாக வரும். அடிக்கட்டைகளையும் அவர்கள் வந்து பார்க்கும் வரை பிடுங்காதீர்கள்.

அளந்து, கட்டைக்குக் கட்டை முத்திரை அடித்துத்தான் விடுவார்கள். பாஸில் வண்டி எண், போகும் வழி, தேதி எல்லாம் இருக்கும். தேதி தாண்டினால் அது வெறும் காகிதம். ஆந்திராவில் குப்பம் பக்கமோ பெங்களூருக்கோ மாநிலம் தாண்டிப் போவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். 2023 டிசம்பரிலிருந்து நாடு முழுவதற்கும் ஒரே பாஸ் என்று இணையத்தில் கொண்டுவந்திருக்கிறார்கள், அதையும் சரக அலுவலகத்தில் கேளுங்கள். சவுக்கு, தைலமரம் ஏற்றிக்கொண்டு போகிறவர்களை யாரும் இப்படி நிறுத்துவதில்லை. அதைப் பார்த்துத் தேக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

விஏஓவாக இருந்தவன் என்ற முறையில் காகிதப் பக்கத்தைச் சொல்கிறேன்.

ஒன்று, உங்கள் ஊர் மலைக் கிராமமா, சமவெளிக் கிராமமா என்று பாருங்கள். 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தில் அறிவித்த ஊர் என்றால், ஆட்சியர் தலைமையிலான குழுவின் அனுமதி இல்லாமல் மரத்தில் கை வைக்க முடியாது. நீலகிரி, கொடைக்கானல், ஏற்காட்டுக்காரர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். உங்கள் கிராம உதவியாளர் மேலே மலையில் வேலை பார்த்தவராக இருந்தால் அந்த நினைப்பில் சொல்லியிருப்பார். அடிவாரத்தில் ஒரு வருவாய்க் கிராமம் பட்டியலில் இருக்கும், அடுத்தது இருக்காது. வன அலுவலகத்தில் கிராமப் பெயரைச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். 1949ஆம் வருடத்துத் தனியார் காடுகள் சட்டத்தில் உங்கள் சர்வே எண் வருகிறதா என்பதையும் அதே மனுவில் கேட்டுவிடலாம்.

இரண்டு, அப்பா இறந்துவிட்டார், பட்டா இன்னும் அவர் பெயரில். வாரிசுச் சான்று வேண்டும், சித்தப்பா கையெழுத்தும் வேண்டும். அவர் இல்லாமல் முன்பணம் வாங்கியதே தவறு. நாளைக்கு அவர் போலீசுக்குப் போனால் மரத்திருட்டு என்றுதான் எழுதுவார்கள்.

மூன்று, பனை. அது மாநில மரம். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021ல் வந்த முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே சொல்லிவிட்டார்கள். அது எங்கே நிற்கிறது? வரப்பிலா? அப்படியானால் மாங்கன்றுக்கு என்ன இடைஞ்சல்? விட்டுவிடுங்கள்.

பஞ்சாயத்தில் பணம் கட்டும் கதை, புறம்போக்கு மரத்தைப் பற்றிக் காதில் விழுந்ததாக இருக்கும். ஓடைக்கரை, பாதையோர மரம் என்றால் அதன் வழியே வேறு, மாவட்டப் பசுமைக் குழு வரை போகும். சிலருக்குப் புறம்போக்கில் நிற்கும் மரத்தின் பலனை மட்டும் அனுபவிக்க 2சி பட்டா இருக்கும். அதை வைத்துக்கொண்டு மரமே தன்னுடையது என்று வெட்டி மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் எதையும் தொடும் முன் சர்வேயருக்குப் பணம் கட்டி அளந்து கல் நடுங்கள்.

கொல்லைமேடு எழுதியது (இரண்டரை மாதம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. நடந்ததை எழுதுகிறேன், என்னைப் போல வேறு யாருக்காவது உதவும்.

முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். வியாபாரி முதலில் சத்தம் போட்டார். "அந்த ரெண்டு மரத்தப் பத்தி பாரஸ்ட்ல எழுதிக் குடுத்துட்டோம்" என்று அம்மா சொன்னதும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அப்போது நாங்கள் எழுதிக் கொடுத்திருக்கவில்லை! மறுநாள் ஓடிப்போய்க் கொடுத்தோம்.

சித்தப்பா முறைத்துக்கொண்டுதான் இருந்தார், முன்பணம் வாங்கியதை வெளியார் சொல்லித் தெரிந்துகொண்டதால். நேரில் போய்ப் பேசிய பிறகு கையெழுத்துப் போட்டார். எங்கள் கிராமம் மலைப் பட்டியலில் இல்லை என்று பதில் வந்தது. நில அளவையில்தான் பெரிய ஆச்சரியம்: 22 தேக்கில் 3, பனையில் 2, ஓடைப் புறம்போக்கில் நிற்கின்றன. அப்பா வரப்பு என்று நினைத்து வைத்தது வரப்பே இல்லை. அந்த 3 தேக்கையும் விட்டுவிட்டு 19க்குப் பாஸ் வாங்கினோம். சரக அலுவலகத்துக்கு நான்கு முறை அலைந்தேன். நான்கும் என் விடுப்புக் கணக்கில்.

சந்தனத்தை வந்து பார்த்து, அளந்து, எழுதிக்கொண்டு போனார்கள். இப்போது எடுப்பதாக இல்லை என்று நாங்களும் சொல்லிவிட்டோம். புங்கனும் நிற்கிறது. முள் எடுக்க ஜேசிபி வந்த அன்று அம்மா காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்தப் புங்கன் அடியிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. சந்தனம் இருப்பது இப்போது ஊருக்கே தெரிந்துவிட்டது. ராத்திரியில் யாராவது வெட்டிக்கொண்டு போனால்?

பழைய கார்டு எழுதியது:

அன்றைக்கே போலீசிலும் வன அலுவலகத்திலும் புகார் கொடுத்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள். எழுதிக் கொடுத்த மரம் என்பதால் உங்கள் மேல் சந்தேகம் வராது. வேரை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தால் அதை மூடி வைத்துவிட்டு உடனே தகவல் சொல்லுங்கள். வேரிலும் நல்ல எண்ணெய் உண்டு, அதனால்தான் துறை ஆட்கள் சந்தனத்தை வெட்டாமல் தோண்டி எடுப்பார்கள். திருடனும் அதற்காக மறுநாள் ராத்திரி திரும்பி வருவான்.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

வேலிக்காத்தான் எழுதியது:

முள் எடுத்த இடத்தில் மழைக்குப் பிறகு ஒருமுறை நடந்து பாருங்கள். நான் கண்டிப்பாகத் திரும்பி வந்திருப்பேன்.